விட்டவன் விழுக்காடு

மனிதர்கள் ஏன் அள்ளிக் கொடுக்கிறார்கள்? சித்தூர்ச் சாலையிலிருந்து திருமலை வரை ஒரு தேடல்

புரட்டாசி சனிக்கிழமை காலை. வாசலில் "வெங்கட்ரமணா... கோவிந்தா!" என்று குரல் கேட்கிறது. எட்டிப் பார்த்தால் நெற்றி நிறைய நாமம் போட்ட ஒரு பையன், கையில் நாமம் தீட்டிய பித்தளைச் செம்பு. பக்கத்தில் மஞ்சள் வேட்டி கட்டிய அவன் அப்பா. உள்ளேயிருந்து பாட்டி ஒரு பிடி அரிசியைக் கொண்டுவந்து செம்பில் போடுகிறாள். முந்தானையில் முடிந்து வைத்திருந்த பத்து ரூபாயும் அதோடு சேர்கிறது. இருவரும் அடுத்த வீட்டுக்கு நகர்கிறார்கள்.

அந்த அப்பாவுக்குப் பஸ் செலவுக்குப் பணம் இல்லாமல் இல்லை. தெருக்கோடியில் மளிகைக் கடை வைத்திருப்பவராக இருக்கலாம், அரசு ஊழியராக இருக்கலாம், சொந்தக் காரிலேயே மலைக்குப் போகிறவராகவும் இருக்கலாம். ஆனாலும் நாலு வீட்டில் யாசகம் எடுத்துத்தான் திருப்பதிக்கு வருவேன் என்று வேண்டிக்கொண்டிருக்கிறார். வட தமிழ்நாட்டில் இன்றும் காணக்கூடிய காட்சி இது. உண்டியலில் போடப் போகிறவன் அதற்கு முன் ஊரில் கையேந்தியாக வேண்டும். கொடுக்கும் கை ஒரு முறையாவது வாங்கும் கையாக இருந்து பழக வேண்டும் என்பது இந்த வேண்டுதலுக்குள் இருக்கும் பாடம்.

மனிதன் ஏன் கொடுக்கிறான் என்ற கேள்விக்கு உளவியல், பொருளாதாரம், மானுடவியல் எல்லாம் பதில் வைத்திருக்கின்றன. அவற்றையெல்லாம் ஒரே இடத்தில் நடைமுறையாகப் பார்க்க வேண்டுமானால் திருப்பதியை விடப் பொருத்தமான ஊர் கிடைப்பது கடினம். திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் 2025-26 ஆண்டுக்கான பட்ஜெட் 5,258 கோடி ரூபாய். அதில் உண்டியலிலிருந்து மட்டும் எதிர்பார்க்கப்பட்டது 1,729 கோடி. யாரும் வசூலிக்க வராத, ரசீதும் கொடுக்காத பணம் இது.

நம்மால் ஆனது

மலைக்குப் போகும் முன் சாலையைப் பார்த்துவிடலாம். வேலூர், திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து நடந்து வருகிறவர்கள் காட்பாடி தாண்டிச் சித்தூரைத் தொட்டு, பூதலப்பட்டு, சந்திரகிரி என்று போகிறார்கள். கால் கொப்பளித்து நொண்டி நடக்கிற இந்தக் கூட்டத்துக்காகச் சாலையோரம் பந்தல்கள் முளைக்கும். பானையில் மோர், அண்டாவில் புளியோதரை, காலில் தடவிக்கொள்ள எண்ணெய். நடப்பவர் தமிழர், ஊற்றுபவர் தெலுங்கர், அல்லது இரண்டு மொழியும் தெரிந்த சித்தூர்க்காரர். 1911-இல் சென்னை மாகாணத்துக்குள் உருவான மாவட்டம் சித்தூர். 1953-இல் ஆந்திராவோடு போனது. திருத்தணிப் பகுதி 1960-இல் தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்தது. வரைபடத்தில் கோடு மாறியதே தவிர மோர்ப் பந்தல் மாறவில்லை.

ஏன் கொடுக்கிறீர்கள் என்று இங்கே கேட்டால் நீளமான விளக்கம் கிடைக்காது. 'நம்மால் ஆனது' என்ற இரண்டு சொல்லோடு பேச்சு முடிந்துவிடும். கொஞ்சம் கிளறினால், எங்கள் அப்பா காலத்திலிருந்து நடக்கிறது என்பார்கள். அதாவது, இதைத் தொடங்கும் முடிவை அவர்கள் எடுக்கவில்லை, நிறுத்தும் முடிவையும் எடுக்கப்போவதில்லை. கொடையில் பெரும்பகுதி இப்படித்தான் நடக்கிறது. அப்பா செய்தார், பக்கத்து வீட்டுக்காரர் செய்கிறார், நாம் செய்யாமல் இருந்தால் நன்றாக இருக்காது. இரக்கம் பொங்கித்தான் கை நீள வேண்டும் என்பதில்லை. பழக்கமே கையை நீட்டிவிடுகிறது.

கடன் என்ற சொல்

நம் பேச்சைக் கவனித்தால் ஒன்று புலப்படும். காணிக்கையைக் 'கொடுத்தேன்' என்று பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை, 'செலுத்தினேன்' என்கிறார்கள். வரியைச் செலுத்துகிறோம், தவணையைச் செலுத்துகிறோம், காணிக்கையையும் செலுத்துகிறோம். வேண்டுதலுக்கே பெயர் நேர்த்திக்கடன். வீட்டில் யாருக்காவது காய்ச்சல் கண்டால் மஞ்சள் துணியில் ஒரு ரூபாயை முடிந்து சாமி படத்தடியில் வைக்கிறோமே, அந்தக் கணமே கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாயிற்று. பிறகு மலைக்குப் போகாத ஒவ்வொரு மாதமும் மனம் உறுத்தும்.

இந்த ஊரின் கடவுளே கடனாளி. பத்மாவதியைக் கல்யாணம் செய்துகொள்ளக் குபேரனிடம் சீனிவாசன் கடன் வாங்கினான், அதற்கு இன்னும் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறான், பக்தர்கள் போடும் பணம் அந்த வட்டிக்குத்தான் போகிறது என்பது தலபுராணக் கதை. தெலுங்கில் அவனுக்கு வட்டிக்காசுலவாடு என்றே பெயர். கதைதான், ஆனால் மனித மனத்தை நன்றாக அறிந்தவர்கள் கட்டிய கதை. எல்லாம் உடைய ஒருவனுக்கு நாம் எதற்குக் கொடுக்க வேண்டும் என்று தோன்றக்கூடிய இடத்தில், கடனில் தவிக்கும் மாப்பிள்ளை ஒருவன் வந்து நிற்கிறான். கல்யாணக் கடன் என்றால் என்னவென்று தெரியாத குடும்பம் நம் ஊரில் ஏது? அவனுக்குக் கை கொடுப்பதில் ஓர் உறவு பிறந்துவிடுகிறது.

தானம் என்று நினைத்தால் கொடுத்தவன் மேலே நிற்கிறான், வாங்கியவன் கீழே நிற்கிறான். கடன் என்று நினைத்தால் அந்த உயரம் கரைந்துவிடுகிறது. திருமலைக் கல்யாணக்கட்டாவில் வரிசையில் உட்கார்ந்து மொட்டை போட்டுக்கொள்கிறவர்களைப் பார்த்தால் இது விளங்கும். தொழிலதிபர் தலையிலும் கூலிக்காரர் தலையிலும் இருப்பது முடிதான். அங்கே யாரும் யாரை விடவும் அதிகம் கொடுத்துவிட முடியாது.

துணி மூடிய கொப்பரையும் பெயர் மின்னும் திரையும்

திருமலை உண்டியல் இரும்புப் பெட்டி அல்ல. தொங்கும் பெரிய துணிப் பைக்குள் கொப்பரை. கையை உள்ளே விட்டுப் போட வேண்டும். போட்டது ஐந்து ரூபாயா, ஐந்து பவுன் சங்கிலியா என்று பின்னால் நிற்பவருக்குத் தெரியாது. எண்ணும் பரகாமணியிலும் எது யாருடையது என்று தெரியாது.

அதே மலையில், மாத்ருஸ்ரீ தரிகொண்டா வெங்கமாம்பா அன்னப்பிரசாதக் கூடத்தில் வேறு காட்சி. ஒரே நேரத்தில் சுமார் நாலாயிரம் பேர் உட்கார்ந்து சாப்பிடும் இடம் அது. ஒரு நாள் முழுவதற்கும் அன்னப்பிரசாதச் செலவை ஏற்க 44 லட்ச ரூபாய். காலைச் சிற்றுண்டிக்கு மட்டும் என்றால் 10 லட்சம், மதியச் சாப்பாட்டுக்கு 17 லட்சம், இரவுக்கு 17 லட்சம். கொடுத்தவர் பெயர் அன்று திரையில் ஓடும். பேரன் பிறந்தநாளுக்கு, மறைந்த அப்பாவின் நினைவுக்கு என்று கொடுப்பவர்கள் பலர்.

பெயருக்காகக் கொடுப்பது மட்டம், பெயர் தெரியாமல் கொடுப்பது உயர்வு என்று உடனே தீர்ப்பெழுதிவிடத் தோன்றும். வள்ளுவர் அப்படி அவசரப்படவில்லை. திருக்குறளில் 22-ஆம் அதிகாரம் ஒப்புரவறிதல், 23-ஆவது ஈகை, 24-ஆவது புகழ். ஊரோடு சேர்ந்து வாழ்தல், இல்லாதவருக்குக் கொடுத்தல், அதனால் வரும் பெயர். மூன்றும் அடுத்தடுத்த அறைகள். அதே சமயம் சங்கப் புலவர் உறையூர் ஏணிச்சேரி முடமோசியார், வள்ளல் ஆய் அண்டிரனைப் பாடும்போது, மறுமையில் லாபம் வரும் என்று கணக்குப் பார்த்து அறம் செய்கிற வியாபாரி இவன் அல்லன் என்று பிரித்துக் காட்டுகிறார். அப்படிக் கணக்குப் பார்ப்பவர்கள் அன்றே நிறைய இருந்திருக்கிறார்கள் என்றுதானே பொருள்!

கல்லில் வெட்டிய கால் பங்கு

அந்தக் கணக்கைத் திருமலை ஒளித்து வைக்கவில்லை, கல்லில் வெட்டி வைத்தது. திருமலை, திருப்பதிக் கோயில்களில் படியெடுக்கப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகளில் பெரும்பாலானவை தமிழ். மிகப் பழைய பெரிய கொடைகளில் ஒன்று சாமவை என்ற பல்லவ குலப் பெண்ணுடையது. கி.பி. 966 என்று தேவஸ்தானம் குறிக்கும் ஆண்டில் அவர் வெள்ளியில் செய்தளித்த போக சீனிவாசமூர்த்திக்கு இன்றும் கருவறையில் நாள்தோறும் வழிபாடு நடக்கிறது. சிலையோடு நகைகளும், பூசைச் செலவுக்கு நிலமும் கொடுத்தார்.

விஜயநகரக் காலத்தில் இந்தக் கொடை ஒரு முழுமையான ஏற்பாடாக வளர்ந்தது. ஒருவர் கோயில் கருவூலமான ஸ்ரீபண்டாரத்தில் பணம் கட்டுவார். கோயில் அதைப் பூட்டி வைக்காது. கோயில் கிராமங்களில் ஏரி வெட்டவும் கால்வாய் தோண்டவும் செலவழிக்கும். தண்ணீர் வந்து விளைச்சல் கூடும். கூடிய விளைச்சலில் பெருமாளுக்குத் தளிகை, அப்பப்படி, அதிரசப்படி. படைத்த பிரசாதத்தில் நாலில் ஒரு பங்கு, பணம் கட்டியவருக்கு. அதற்குக் கல்வெட்டு வைத்திருக்கும் பெயர் 'விட்டவன் விழுக்காடு'. தானம் விட்டவனுடைய பங்கு என்று பொருள். இன்று நாம் சதவீதத்துக்குப் பயன்படுத்தும் அதே விழுக்காடுதான். பர்ட்டன் ஸ்டைன் என்ற அமெரிக்க வரலாற்றறிஞர் 1960-இல் இந்த ஏற்பாட்டை ஆராய்ந்து, இடைக்காலக் கோயில் ஒரு பொருளாதார நிறுவனமாக எப்படி இயங்கியது என்பதற்குத் திருப்பதியையே சான்றாகக் காட்டினார்.

கொடுத்தவருக்குப் பங்கு உண்டு என்று வெளிப்படையாக எழுதிவிட்டார்கள். அந்தப் பங்கை வைத்து அவர் என்ன செய்தார் என்பதில்தான் சுவை. சிலர் தாமே பெற்றார்கள், சிலர் வாரிசுக்கு எழுதினார்கள், சிலர் விற்கவும் செய்தார்கள். வேறு சிலர் அதை இராமானுசகூடத்துக்குத் திருப்பிவிட்டார்கள். 15-ஆம் நூற்றாண்டில் சாளுவ நரசிம்மன் ஏற்படுத்தி, கந்தாடை இராமானுச ஐயங்கார் நிர்வகித்த இந்தக் கூடங்கள் வழிப்போக்கர்களுக்குச் சோறு போட்ட இடங்கள். தனக்கு உரிமையாக வந்த கால் பங்கையும் முகம் தெரியாத யாத்திரிகனின் இலைக்கு அனுப்பியவர்கள் இருந்தார்கள்.

இன்றைய திட்டங்களைப் பார்த்தால் அந்தப் பழைய விழுக்காடு வேறு பெயரில் தொடர்வது தெரியும். ஸ்ரீவாணி அறக்கட்டளைக்குப் பத்தாயிரம் ரூபாய் கொடுத்தால் விஐபி பிரேக் தரிசன டிக்கெட் வாங்கும் வாய்ப்பு. குழந்தைகள் மருத்துவமனைக்காக ஒரு கோடி, வெள்ளிக்கிழமை என்றால் ஒன்றரைக் கோடி கொடுப்பவர்களுக்கு உதயாஸ்தமன சேவை என்று தேவஸ்தானம் அறிவித்தது. காலை முதல் இரவு வரை நடக்கும் சேவைகளில் ஆண்டுக்கு ஒரு நாள் கலந்துகொள்ளலாம். இது பக்தியா, வியாபாரமா என்று கேட்பவர்கள் உண்டு. வரிசையில் பதினைந்து மணி நேரம் நிற்பவருக்கு அந்தக் கேள்வி வருவதில் நியாயமும் உண்டு. ஆனால் அந்தப் பணத்தில் அறுவைச் சிகிச்சை நடக்கும் குழந்தையின் தாய்க்கு, கொடுத்தவர் எதற்காகக் கொடுத்தார் என்பது பெரிய விஷயமாக இருக்காது.

இதே மலையில் எதையும் கேட்காமல் உழைப்பைக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். 2000-இல் தொடங்கிய ஸ்ரீவாரி சேவைக்கு, சொந்தச் செலவில் ஊரிலிருந்து வந்து காய்கறி நறுக்குகிறார்கள், தண்ணீர் கொடுக்கிறார்கள், வரிசையை ஒழுங்கு செய்கிறார்கள். வீட்டில் தட்டைக் கழுவாதவர்கூட இங்கே பந்தி பரிமாறுவார். அன்னதானம் 1985 ஏப்ரல் 6 அன்று என்.டி. ராமராவ் முதல்வராக இருந்தபோது தொடங்கியது, முதலில் நாளுக்கு 2,000 பேருக்கு. ஆனால் கூடம் தாங்கியிருப்பது அவருக்கும் இரண்டு நூற்றாண்டு முந்தைய ஒருவரின் பெயரை. பழைய சித்தூர் மாவட்டத்துத் தரிகொண்டாவிலிருந்து மலையேறி வந்த வெங்கமாம்பா இளம் வயதிலேயே விதவையானவர், கவிஞர். நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி அன்னதானமும் தண்ணீர்ப் பந்தலும் நடத்தினார் என்பது திருமலையின் நினைவு. தன்னிடம் எதுவும் இல்லாத பெண், மற்றவர் கொடுத்ததை வாங்கி மற்றவருக்குப் போட்டார்.

கடப்பாரை வீச்சு

கொடுப்பதில் ஒரு பேராசையும் உண்டு. கோயில் மகாத்துவாரத்தருகே மாட்டியிருக்கும் கடப்பாரை அதற்குச் சாட்சி. இராமானுசர் திருவரங்கத்தில், திருமலையில் பூத்தொண்டு செய்ய யார் போவீர்கள் என்று கேட்டபோது, குளிருக்கும் காட்டுக்கும் அஞ்சி எல்லோரும் பேசாதிருக்க, அனந்தாழ்வான் எழுந்தார். மலையில் நந்தவனம் அமைத்து, அதற்கு ஏரி வெட்டினார். அவர் மண் வெட்ட, கர்ப்பிணியான மனைவி சுமந்தார். இரக்கப்பட்ட ஒரு சிறுவன் கூடையைக் கைமாற்றிச் சுமந்து உதவினான். அதைக் கண்டுபிடித்த அனந்தாழ்வானுக்கு வந்தது நன்றி அல்ல, கோபம். என் கைங்கர்யத்தில் பங்கு கேட்க நீ யார் என்று கடப்பாரையை வீச, அது சிறுவனின் முகவாயில் பட்டது. பிறகு பார்த்தால் கருவறையில் பெருமாளின் முகவாயில் ரத்தம். மூலவர் முகவாயில் இன்றும் பச்சைக்கற்பூரம் சாத்துவது அந்தக் காயத்துக்குத்தான் என்கிறார்கள்.

கதையின் கூர்மை, கடவுள் அடிபட்டதில் மட்டும் இல்லை. தொண்டு செய்கிற இன்பத்தைத் தனக்கே வைத்துக்கொள்ளத் துடிக்கிறான் மனிதன். மேற்கத்தியப் பொருளியலாளர் ஜேம்ஸ் ஆண்ட்ரியோனி 1990-ஐ ஒட்டி எழுதிய கட்டுரைகளில் இதையே வேறு மொழியில் சொன்னார்: பிறருக்கு நன்மை நடந்தால் மட்டும் கொடுப்பவருக்குப் போதவில்லை, அது தன் கையால் நடக்க வேண்டும். அதில் கிடைக்கும் கதகதப்புக்காகவும் கொடுக்கிறார்கள். 2008-இல் கனடாவில் நடந்த ஓர் ஆய்வில் சிலருக்குக் காலையில் ஐந்து அல்லது இருபது டாலர் கொடுத்து, பாதிப் பேரைத் தமக்கும் மீதிப் பேரைப் பிறருக்கும் செலவழிக்கச் சொன்னார்கள். மாலையில் அதிக மகிழ்ச்சியோடு இருந்தவர்கள் பிறருக்குச் செலவழித்தவர்கள். தொகை ஐந்தா இருபதா என்பது பெரிய வித்தியாசம் செய்யவில்லை. பாட்டியின் பத்து ரூபாய்க்கும் தொழிலதிபரின் 44 லட்சத்துக்கும் உள்ளே கிடைப்பது ஒன்றாகவே இருக்கலாம்.

மீராவும் ராணாவும்

இனி, கணக்கே வைக்காமல் கொடுத்த இருவரின் கதை. 1945-இல் வெளிவந்த 'மீரா' படத்தில் மீராவாக எம்.எஸ். சுப்புலட்சுமி. ராணாவாக நடித்தவர் சித்தூர் வி. நாகையா. பிறந்தது குண்டூர்ப் பக்கம் என்றாலும், சித்தூர் ராமவிலாச சபாவில் நாடகமாடிப் பெயர் பெற்றதால் அந்த ஊர் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. போதனா, தியாகய்யா, வேமனா என்று பக்தர்களாகவே நடித்து, தென்னிந்தியத் திரையின் உச்ச நட்சத்திரங்களில் ஒருவராக இருந்தவர். 1965-இல் பத்மஸ்ரீ. கேட்டவருக்கு இல்லை என்று சொல்லத் தெரியாதவர் என்பதுதான் அவரைப் பற்றி எல்லோரும் சொல்லும் முதல் செய்தி. தியாகராஜரின் திருவையாற்றில் சத்திரம் எழும்பக் காரணமானார். சம்பாதித்தது தங்கவில்லை. கடைசிக் காலத்தில் சின்னச் சின்ன வேடங்களில் நடித்துக் காலம் தள்ளி, 1973 டிசம்பரில் மறைந்தார். பிறகு தியாகராய நகர் பனகல் பூங்காவில் சிலை வந்தது.

மீராவின் கதையும் ஏறக்குறைய அதே பாதையில்தான் போனது. எம்.எஸ். கச்சேரிகளில் வந்த பணம் கஸ்தூரிபா நினைவு நிதி தொடங்கி எத்தனையோ மருத்துவமனைகளுக்கும் பள்ளிகளுக்கும் போனது. 1963-இல் பதிவான வெங்கடேச சுப்ரபாதத்தின் உரிமைத் தொகையைத் தேவஸ்தான வேத பாடசாலைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். 1974-இல் மக்சேசே விருது கிடைத்தது பொதுத்தொண்டுக்காக. சில ஆண்டுகளிலேயே குடும்பம் நெருக்கடிக்கு வந்து, கீழ்ப்பாக்கத்துக் கல்கி கார்டனை விற்க வேண்டியதாயிற்று.

இங்கே கதை பிரிகிறது. அப்போது தேவஸ்தான நிர்வாக அதிகாரியாக இருந்தவர் பி.வி.ஆர்.கே. பிரசாத். எம்.எஸ். - சதாசிவம் தம்பதிக்கு உதவ வேண்டும் என்ற எண்ணம் தேவஸ்தானத்துக்கு வந்தபோது, பெரிய சிக்கல், அவர்கள் உதவியென்றால் வாங்க மாட்டார்கள் என்பது. வாழ்நாள் முழுக்கக் கொடுத்த கைக்கு வாங்கும் பழக்கம் இருப்பதில்லை. தேவஸ்தானம் பணத்தை நீட்டவில்லை, ஒரு வேலையைக் கொடுத்தது. அன்னமாச்சாரியார் கீர்த்தனைகளை அவர் பாடி இசைத்தட்டாக வெளியிடுவது. அறுபது வயதைத் தாண்டியிருந்த எம்.எஸ். புதிய மாணவி போல உட்கார்ந்து கீர்த்தனைகளைப் பாடம் செய்தார். 'பாலாஜி பஞ்சரத்னமாலா' அப்படி வந்தது. கொடுத்தவர் மேலே நிற்கவில்லை, வாங்கியவர் குனியவில்லை, கேட்பவர்களுக்கு அழியாத ஒன்று மிஞ்சியது. எம்.எஸ். மறைந்த பின் 2006-இல் திருப்பதியில் அவருக்குச் சிலை வைத்தார்கள். ஆனால் அவருக்குச் செய்ய வேண்டியதை உயிரோடு இருக்கும்போதே செய்து முடித்திருந்தார்கள். நாகையாவின் கையைப் பிடிக்க அப்படி ஓர் அமைப்பு இருக்கவில்லை.

கொடுக்கத் தூண்டுவது எது என்று தேடப் போனால் பழக்கம், கடன், புகழ், புண்ணியம், உள்ளத்தின் கதகதப்பு என்று பட்டியல் நீள்கிறது. ஒரே மனிதனிடம் எல்லாம் கலந்தே இருக்கின்றன. கல்வெட்டு எழுதியவர்கள் அதைப் பிரித்துப் பார்த்து வடிகட்டவில்லை. விட்டவனுக்கும் ஒரு பங்கு உண்டு என்று ஒப்புக்கொண்டு, அவன் விட்ட பணம் ஊருக்குப் போய்ச் சேரும்படி கால்வாய் வெட்டினார்கள்.

செம்போடு போன பையன் நாலு நாளில் ஊர் திரும்புவான், மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு. ஒரு லட்டைத் தட்டில் உடைத்து, துண்டு துண்டாகக் காகிதத்தில் மடித்து, அரிசி போட்ட வீடுகளுக்கெல்லாம் கொண்டுபோகச் சொல்வாள் அவன் அம்மா. பாட்டி அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். கொஞ்சம் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு, மீதியைப் பக்கத்தில் விளையாடும் குழந்தையின் கையில் வைத்துவிடுவாள்.